போறணை என்று வாப்பா சொன்ன பெட்டி

வாப்பாவின் உள்ளங்கைகளை நான் முதன்முதலாக முழுமையாகக் கண்டது ஆஸ்பத்திரியில்தான். அப்போது நான் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தேன்.

"கையை மேசையில வைங்க நானா. மடக்காதீங்க. நான் கடிக்க மாட்டன்" என்றார் தோல் டொக்டர், சாரி கட்டிய ஒரு பெண். அண்ணனை எங்கள் ஆட்கள் நானா என்பார்கள்.

வாப்பா சாறத்தின் மடிப்புக்குள்ளிருந்து இரண்டு கைகளையும் எடுத்து மேசையில் மல்லாத்தி வைத்தார். தோல் தடித்துச் சிவந்திருந்தது. அதன்மேல் உருகி உறைந்த மெழுகு போல வெள்ளைச் செதில். ரேகைகள் ஓடவேண்டிய இடமெல்லாம் வெடித்து, சில வெடிப்புகளில் இரத்தம் காய்ந்திருந்தது. வீட்டில் அவர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் சோறு தின்பார். அதை அவருடைய பழக்கம் என்றே நினைத்திருந்தோம். ஜும்ஆ முடிந்ததும் மற்ற ஆண்கள் ஒருவருக்கொருவர் கைகொடுத்து ஸலாம் சொல்லி நிற்க, அவர் மட்டும் பின்வாசலால் வெளியேறிவிடுவார். அவசரக்காரன் என்று ஊரில் பெயர். அந்த மேசையில் கைகளைக் கண்ட பிறகுதான் அந்த அவசரம் எனக்கு விளங்கியது.

டொக்டர் கைகளைத் தொட்டுப் புரட்டினார். உறை போடாமல், வெறும் விரல்களால். வாப்பா திடுக்கிட்டுக் கைகளை இழுத்துக்கொண்டார்.

"தொடாதீங்க டொக்டர், ஒட்டிக்கிடும்."

"ஒட்டாது. இது தொத்துற வருத்தமில்ல. யார் சொன்ன ஒட்டும் எண்டு?"

வாப்பா யாருடைய பெயரையும் சொல்லவில்லை. சொல்வதென்றால் ஊரையே சொல்லவேண்டியிருக்கும்.

வாப்பா மதுரங்குளியில் ஒரு பேக்கரியில் மா குழைக்கிறவர். தொண்ணூறில் எங்கள் குடும்பம் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்து கரைத்தீவுப் பக்கம் முகாமில் இருந்த காலத்தில், அவருக்குக் கிடைத்த முதல் வேலை அது. நான் பிறந்ததும் அந்த முகாமில்தான். பிறகு வேலைக்குக் கிட்டவாக இருக்கட்டும் என்று கனமூலைக்குக் குடிவந்தோம். வாப்பா குர்ஆன் ஓதுவார். ஆனால் பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருக்கும் ஊர்ப்பெயரை வாசிக்க வராது. உம்மாவுக்கும் அப்படித்தான். எங்கள் பரம்பரையில் பள்ளிக்கூடம் போய்ப் பரீட்சை எழுதிய முதல் ஆள் நான். அதனால் ஆஸ்பத்திரியில் இலக்கத் துண்டு எடுக்கவும், மருந்தில் ஒட்டியிருப்பதை வாசித்துச் சொல்லவும், கூடப் போவது என் வேலையாக இருந்தது.

பாண் மாவை மெஷினில் குழைக்கிற பேக்கரிகள் அப்போதே வந்துவிட்டன. எங்கள் ஹாஜியாருக்கு, அதாவது பேக்கரி முதலாளிக்கு, மெஷினில் நம்பிக்கையில்லை. பெரிய மரத்தொட்டியில் கையால் குழைத்த மாவால்தான் அவருடைய பாணும், முதலை போல நீட்டிச் சீனி தூவின கிம்புலா பணிசும் பெயர் எடுத்திருந்தன. அந்தக் கை வாப்பாவுடைய கை. அந்தக் கையில்தான் செதில் விழத் தொடங்கியது. ஊர் அதைக் கரப்பன் என்றது. நாட்டு மருந்து, எண்ணெய், களிம்பு எல்லாம் பூசிப் பார்த்தார். ஒருநாள் பாண் வாங்க வந்த ஒரு பெண் உள்ளே எட்டிப் பார்த்து, "அந்தக் கையாலயா குழைக்கிற?" என்று சத்தமாகக் கேட்டுவிட்டார்.

ஹாஜியார் நல்ல மனிதர். அன்று பின்னேரம் வாப்பாவைக் கூப்பிட்டு, "நானா, மனசில ஒண்டும் எடுக்காதீங்க. கை சுகமாகுற வரைக்கும் விறகுப் பக்கம் நில்லுங்க. சுகமானா தொட்டி உங்கடதுதான்" என்றார்.

வாப்பா விறகு கொத்தினார், சுமந்தார். விறகு வெடிப்புகளை இன்னும் ஆழமாக்கியது. தொட்டியில் ஒரு புதுப் பொடியன் நின்றான். அவன் குழைத்த பாணைப் பற்றி ஊரில் பல கதைகள். நாய் கவ்விக்கொண்டு ஓடிப்போய், பிறகு திருப்பிக் கொண்டுவந்து வைத்தது என்பது அதில் ஒன்று. வாப்பா அதைக் கேட்டுச் சிரிக்கவில்லை. பின்னேரத்தில் தொட்டிக்குள் எட்டிப் பார்த்து, "தண்ணி கூடிப் போச்சு" என்று தனக்குத்தானே சொல்லிவிட்டுத் திரும்புவாராம். அவருக்குத் திரும்பக் கிடைக்கவேண்டியிருந்தது அந்தத் தொட்டி ஒன்றுதான்.

இந்த நிலையில்தான் யாரோ 'லைட் டொக்டர்' பற்றிச் சொன்னார்கள். மேசையில் வாப்பாவின் கைகளைப் புரட்டியவர் அவர்தான்.

எங்கள் புத்தளம் மாவட்டத்தில் தோல் நோய்க்கு வெளிச்சத்தால் வைத்தியம் செய்யத் தொடங்கிய முதல் ஆள் அவர். இதை நான் பத்திரிகையில் வாசித்துச் சொல்லவில்லை. அவர் தொடங்கிய இடத்தில் வரிசையில் இருந்தவர்களிடம் கேட்டும், அவரே இடையிடையே சொல்லியும் அறிந்தது. சிலாபத்துக்குத் தெற்கே கடற்கரையில் ஒரு கத்தோலிக்க மீன்பிடிக் குடும்பம் அவருடையது. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் சிங்களம். அதனால் எங்களோடு தமிழில் கதைத்துக்கொண்டே, சரி என்பதற்குச் சிங்களத்தில் 'ஹரி, ஹரி' என்று தலையாட்டுவார்.

அவருடைய மாமா ஒருவருக்கு முதுகெல்லாம் இதே செதில் நோய் இருந்ததாம். சோளகக் காற்றில் கடல் மூடிக் கிடக்கும் மாதங்களில், வீட்டுக்குள் இருக்கிற மாமாவின் முதுகு வெடித்துப் புண்ணாகும். தொழில் தொடங்கி, சட்டையில்லாமல் வெயிலில் நின்று கரைவலை இழுக்கத் தொடங்கினால் மெல்ல அடங்கும். குடும்பத்தில் எல்லாரும் அதைக் கடல் உப்பின் குணம் என்றார்கள். சிறு பிள்ளையான இவருக்கு மட்டும் ஒரு சந்தேகம். "கரையில உப்புத் தண்ணி எந்த நாளும் இருக்குது தானே தம்பி. மாறுறது வெயில் மட்டும்தான்" என்று என்னிடம் சொன்னார். அந்தச் சந்தேகத்தோடுதான் அவர் மருத்துவம் படித்திருக்கிறார்.

படிப்பு முடிந்து, மேல்பயிற்சிக்காகப் பனி பெய்யும் நாடொன்றுக்குப் போனார். அங்கே நோயாளிகளை ஒரு கூண்டுக்குள் நிறுத்தி, விசேட விளக்குகளால் அளவாக வெளிச்சம் கொடுப்பதைக் கண்டார். திரும்பி வந்ததும் புத்தளத்துக்குப் போகிறேன் என்று தானே கேட்டு வாங்கினார். கூடப் படித்தவர்கள் சிரித்தார்களாம். "புத்தளத்துக்கு வெளிச்சம் கொண்டு போறியா? உப்பளத்துக்கு உப்புக் கொண்டு போற மாதிரி இருக்கு" என்று.

"நீங்க என்ன சொன்ன டொக்டர்?" என்று கேட்டேன்.

"வெயிலைக் கூட்டிக் குறைக்க ஏலா எண்டு சொன்னன்."

ஆனால் வந்த புதிதில் அவரிடம் இருந்தது வெயில் மட்டும்தான். விளக்கும் இல்லை, கூண்டும் இல்லை. கிளினிக்குக்குப் பின்னால் தென்னங்கிடுகால் நாலு பக்கமும் அடைத்து, கூரையில்லாமல் இரண்டு மறைப்புகள் கட்டுவித்தார். ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று. வெயிலை உடம்பில் வேலை செய்யவைக்கிற ஒரு குளிசையைக் கொடுத்து, நோயுள்ள இடம் திறந்திருக்கும்படி, மணிக்கூடு பார்த்து நிற்க வைத்தார். கொஞ்ச நாளில் பெண்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள். காரணம் ஒருவரும் வாய் திறந்து சொல்லவில்லை. கடைசியில் ஒரு மூதாட்டி விரலால் வானத்தைக் காட்டினாராம். பக்கத்துக் காணியில் டெலிபோன் கோபுரம். அதன் உச்சியில் ஒருவன் ஏறி ஏதோ திருத்திக்கொண்டிருந்தான். டொக்டர் அன்றே மறைப்பைப் பிரித்து, தண்ணீர்த் தாங்கியின் மறுபுறத்தில் கட்டுவித்தார். பெண்கள் திரும்பி வந்தார்கள்.

முகில் வந்தால் வைத்தியம் நிற்கும். மழை வந்தால் கிடுகு பறக்கும். அதனால் அவர் அடுத்த முறை வெளிநாட்டுக்கு ஒரு கூட்டத்துக்குப் போனபோது, உடுப்புகளுக்கு நடுவே சுற்றி விளக்குக் குழாய்கள் கொண்டு வந்தார். தச்சரைப் பிடித்து, கைகளை மட்டும் நுழைக்கக்கூடிய ஒரு மரப்பெட்டி செய்வித்தார். உள்ளே பளபளக்கும் அலுமினியத் தகடு. முன்பக்கத்தில் இரண்டு துவாரங்கள், கறுப்புத் துணித் திரையோடு. உள்ளங்கை நோய்க்காரருக்கென்று மாவட்டத்தில் இருந்த ஒரேயொரு சாதனம் அந்தப் பெட்டி. வாப்பாவை அவர் அனுப்பியதும் அதற்குத்தான்.

மருந்து கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் கைகளை ஊறவைத்துத் துடைத்தபின், பெட்டிக்கு முன்னால் வாப்பாவை இருத்தினார்கள். மிஸ்ஸி, அதாவது அங்குள்ள தாதி, அவருக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டுவிட்டார். வாப்பா பெட்டியை மேலும் கீழும் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, வரிசையில் இருந்த எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"மகன், இது போறணை தானே! வாய்தான் சின்னன். கையை வைச்சா பணிஸ் மாதிரிப் பொங்கி வரும் போல."

வரிசை முழுக்கச் சிரித்தது. விறகுப் பக்கம் போன நாளிலிருந்து வாப்பா பகிடி விட்டதை நான் கேட்டதில்லை. அதனால் எனக்கும் சந்தோஷமாக இருந்தது. பாண் சுடுகிற அடுப்புக்கு எங்கள் பக்கம் போறணை என்று பெயர். அந்தச் சொல் அன்றிலிருந்து பெட்டியில் ஒட்டிக்கொண்டது. "போறணைக்கு வந்தீங்களா?" "ஓம், போறணைக்குத்தான்" என்று நோயாளிகள் கதைத்துக்கொண்டார்கள். சிங்களம் பேசுகிற மிஸ்ஸி கூட, அந்த மொழியிலும் கிட்டத்தட்ட அதே சொல்தான் என்பதால், போறணைக்கு வாங்க என்ற கருத்தில் "போறணுவட என்ன" என்று பெயர் கூப்பிடத் தொடங்கினார்.

மருந்தில் ஊறிய கையில் வெளியே வெயில் படக்கூடாது. ஆகவே வாப்பா வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு பஸ்ஸில் வருவார். "என்ன நானா, பேண்ட் வாசிக்கப் போறீங்களா?" என்று கண்டக்டர் கேட்பான். "ஓம், உன்ட கலியாணத்துக்கு" என்பார் வாப்பா.

வீட்டில் அவர் உம்மாவிடமும் போறணைக் கதையைத்தான் சொன்னார். கையை உள்ளே விட்டது, கறுப்புக் கண்ணாடி, நீல வெளிச்சம், எல்லாம் கொஞ்சம் கூட்டித்தான் சொன்னார். உம்மா சிரிக்கவில்லை. வாப்பாவின் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு அடுக்களைக்குள் போனார்.

இடையில் நோன்பு வந்தது. நோன்போடு லைட் வைக்கலாமா, நோன்பு முறியுமா என்று வரிசையில் பெரிய வாதம். டொக்டரிடம் கேட்டார்கள். "நான் சேர்ச்சுக்குப் போற ஆள். என்னட்டக் கேட்டா எப்பிடி? உங்கட ஹஸரத்தட்டக் கேட்டு எனக்கும் சொல்லுங்க" என்றார் அவர். எங்கள் ஊர்ப் பள்ளிவாசல் ஹஸரத் கேள்வியைக் கேட்டு நன்றாக யோசித்து, "வெளிச்சத்தை யாரும் தின்னுறல்லயே" என்று சொன்னார். அதை அப்படியே கொண்டுபோய்ச் சொன்னேன். டொக்டர் சந்தோஷமாகத் தலையாட்டினார். நோன்பு முழுக்க வாப்பா ஒரு தவணையும் தவறாமல் போனார்.

பெருநாளும் வந்து போனது. கை மட்டும் அப்படியே இருந்தது.

அதே காலத்தில் தொடங்கிய வேறு இருவருக்கு, ஒருவர் கற்பிட்டிக் கடற்றொழிலாளி, மற்றவர் ஒரு தையற்காரர், கைகள் தெளிந்துகொண்டு வந்தன. வாப்பாவுக்கு ஒரு செதில் குறையவில்லை. ஒவ்வொரு நாளும் லைட் வைப்பது மிஸ்ஸிதான். டொக்டர் இடைவெளி விட்டுத்தான் பார்ப்பார். அப்படிப் பார்த்த ஒரு நாளில் அவர் முகம் வாடிப்போனது. கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்டிப் பார்த்தார். அதற்கும் ஒன்றுமில்லை. பேக்கரியிலும் விடயம் இறுகிக்கொண்டு வந்தது. ஹாஜியாரின் மகன் கொழும்பில் ஒரு மெஷின் பார்த்துவிட்டு வந்திருந்தார். மெஷின் வந்துவிட்டால் தொட்டி தேவைப்படாது. தொட்டி இல்லாவிட்டால் வாப்பா திரும்பிப்போக இடமுமில்லை.

"மகன், எனக்கு எழுதினது விறகுதான் போல" என்றார் வாப்பா பஸ்ஸில். கையுறையைப் பற்றிக் கண்டக்டர் சொன்னபோது அன்று அவர் கைகளைச் சாறத்தின் மடிப்புக்குள் எடுத்துக்கொண்டார்.

அடுத்த முறை நாங்கள் போனபோது டொக்டரின் இடது முன்கையில் ஒரு கட்டு இருந்தது. மிஸ்ஸி என்னிடம் மெதுவாகச் சொன்னார். டொக்டருக்குப் பெட்டியில் சந்தேகம் வந்துவிட்டதாம். விளக்கு பழுதாகிப்போய் வெறும் நீல வெளிச்சம்தான் வருகிறதோ என்று, தன்னுடைய கையையே மருந்தில் ஊறவைத்து உள்ளே வைத்துப் பார்த்திருக்கிறார். இரண்டாம் நாள் கை சிவந்து கன்றிப்போனது. வலித்ததாம், ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாராம், பெட்டி வேலை செய்கிறது என்று.

"பெட்டி சரி. அப்ப பிழை எங்க?" என்று டொக்டர் எங்களிடமே கேட்டார். "நானா, வேற ஏதும் குளிசை குடிக்கிறீங்களா?"

"இல்ல டொக்டர்."

"நாட்டு மருந்து?"

"விட்டு எவ்வளவோ நாளாச்சு."

அவர் எழுந்து வாப்பாவை ஜன்னலுக்குப் பக்கத்தில் கூட்டிக்கொண்டு போனார். வெளிச்சத்தில் கைகளைப் பிடித்து, கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு, நெடுநேரம் பார்த்தார். பிறகு சாதாரணமாகக் கேட்டார்.

"பெருநாள் முடிஞ்சுதானே நானா. இந்த மருதோண்டி இன்னும் போகல்லயா?"

"இது பெருநாள் மருதோண்டி இல்ல டொக்டர்."

"அப்ப?"

"மனுசி அரைச்சுப் போட்டு விடுற. லைட் வைக்கிற நாளைக்கு முன்னுக்கு. கைக்குக் குளிர்ச்சி எண்டு."

"என்னத்துக்குக் குளிர்ச்சி?"

வாப்பா தயங்கினார். "போறணைச் சூட்டுக்கு."

மிஸ்ஸி வாயைப் பொத்திக்கொண்டு மற்றப்பக்கம் திரும்பினார். ஆண்களும் உள்ளங்கைக்கும் பாதத்துக்கும் சூடு தணிய மருதோண்டி போடுவது எங்கள் பக்கம் வழமைதான். வாப்பாவின் கையில் அந்தச் செம்மஞ்சள் நிறத்தை நான் எத்தனையோ முறை கண்டிருக்கிறேன், மிஸ்ஸியும் கண்டிருக்கிறார். அவர் அதைப் பெருநாளுக்குப் போட்டது என்று நினைத்தார். நான் ஒன்றுமே நினைக்கவில்லை.

டொக்டர் கதிரையில் உட்கார்ந்து கட்டுப்போட்ட கையால் தலையைப் பிடித்துக்கொண்டார். தோள்கள் குலுங்கின. அழுகிறாரோ என்று வாப்பா பயந்துபோனார். அவர் சிரித்துக்கொண்டிருந்தார், கண்ணில் தண்ணீர் வர.

"நானா, மருதோண்டிச் சாயம் வெளிச்சத்தை உள்ளுக்கு விடாது. நான் இஞ்ச கஷ்டப்பட்டு லைட் அடிக்கிறன். அங்க உங்கட மனுசி அதுக்குக் குடை புடிச்சிட்டு இருந்திருக்கிறா!"

வாப்பாவின் முகம் செத்துவிட்டது. "அவளுக்குத் தெரியா டொக்டர். ஏசாதீங்க."

"ஏசவா? ஆளைக் கூட்டிட்டு வாங்க. எனக்குக் காண வேணும்."

உம்மா வரமாட்டேன் என்று அடம்பிடித்தார். நானும் வாப்பாவும் மாறி மாறிக் கதைத்துத்தான் கூட்டிப்போனோம். கறுப்பு அபாயாவுக்குள் கைகளை மறைத்துக்கொண்டு, டொக்டருக்கு முன்னால் நிலத்தைப் பார்த்தபடி நின்றார். நடந்ததை ஏற்கெனவே கேட்டிருந்த வரிசைக்காரர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள்.

டொக்டர் ஒன்றும் கேட்கவில்லை. பெட்டியின் விளக்கைப் போட்டு, அக்காவை எங்கள் ஆட்கள் கூப்பிடுகிற மாதிரியே, "தாத்தா, கையை ஒருக்கா உள்ளுக்கு வைச்சுப் பாருங்க. கொஞ்ச நேரம்தான், ஒண்டும் ஆகாது" என்றார்.

உம்மா வாப்பாவைப் பார்த்தார். பிஸ்மி சொன்னார். விரல் நுனியை விட்டார். பிறகு கையை விட்டார். அவருடைய கண்கள் மெல்ல அகன்றன.

"சூடில்லயே!"

"இல்ல."

"கொஞ்சமும் சூடில்ல!" உம்மா கையை வெளியே எடுத்து வாப்பாவின் பக்கம் திரும்பினார். டொக்டரும் வரிசையும் அவருக்கு மறந்துபோயின. "அப்ப என்னத்துக்கு நீங்க போறணை எண்டு சொன்ன?"

"நான் பகிடிக்குச் சொன்ன."

"பகிடிக்கா? நான் ஒவ்வொரு முறையும் வேலியெல்லாம் தேடி இலை பறிச்சு, அரைச்சு அரைச்சு என்ட கை வீங்கினது பகிடிக்கா? இனி நீங்க வாயைத் திறந்தா நான் ஒரு சொல் நம்ப மாட்டன்!"

வரிசையில் இருந்த கற்பிட்டிக்காரர், "அக்கா, மனுசனை அந்தப் பெட்டிக்குள்ளயே போட்டு மூடுங்க" என்றார். கிளினிக்கே சிரிப்பில் அதிர்ந்தது. உம்மாவும் கடைசியில் முக்காட்டு நுனியால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

அன்று முதல் அந்தக் கிளினிக்கில் ஒரு வழக்கம் வந்தது. புதிதாக வருகிறவர் மட்டுமல்ல, வீட்டிலிருந்து கூட வருகிறவரும் விளக்கெரியும் பெட்டிக்குள் ஒருமுறை கைவைத்துப் பார்க்கவேண்டும். மிஸ்ஸி முதலில் கேட்கிற கேள்வி, "மருதோண்டி போட்டீங்களா?" கலியாணப் பெண்களுக்குத் தவணையே மாற்றிக் கொடுத்தார்கள்.

இதைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றியது இன்னொன்று. கொழும்பில் பெரிய டொக்டர்களின் கூட்டமொன்றில் பேசப் போன அவர், எங்கள் கதையைத் தன்னுடைய பிழையாகத்தான் சொல்லியிருக்கிறார். திரும்பி வந்து என்னிடம் சொன்னார்: "என்ன குடிக்கிறீங்க எண்டு கேட்டன் தம்பி. என்ன பூசுறீங்க எண்டு கேட்கல்ல. உங்கட உம்மா செய்தது வைத்தியம்தான். ரெண்டு பேரும் ஒரே கைக்கு வைத்தியம் செய்திருக்கிறம், ஆளையாள் தெரியாம." படித்தவர்கள் இப்படியும் பேசலாம் என்று நான் அதுவரை கண்டதில்லை. முகாமில் வளர்ந்த எங்களுக்கு, மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்கள் எப்போதும் ஏசுகிறவர்களாகத்தான் இருந்தார்கள். நான் இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். ஒரு பிள்ளை பிழையான விடை சொல்லும்போது, உடனே திருத்தாமல், அந்த விடைக்கு அது எப்படி வந்தது என்று கேட்கிறேன். அதை நான் பயிற்சிக் கலாசாலையில் படிக்கவில்லை.

மருதோண்டி மங்கிப் போன பிறகு வெளிச்சம் வேலை செய்யத் தொடங்கியது. முதலில் விரல் இடுக்குகளில் செதில் உதிர்ந்தது. பிறகு வெடிப்புகள் ஒவ்வொன்றாக மூடின. ஒருநாள் வாப்பா உள்ளங்கையை முகத்துக்கு நேரே பிடித்து, "மகன், இஞ்ச பாருங்க, ரேகை" என்றார். இது முழுவதுமாகப் போகிற வருத்தமில்லை, அடங்கும், திரும்பவும் தலைகாட்டும், அப்போது திரும்பவும் வரவேண்டும் என்று டொக்டர் ஒளிக்காமல் சொல்லியிருந்தார். வாப்பா அதற்கு, "மழையும்தான் திரும்ப வருது, அதுக்காக வீட்டுக்குள்ளயா இருக்கிறம்" என்றார்.

ஹாஜியாரிடம் நானும் கூடப் போனேன். வாப்பா கைகளை நீட்டினார். ஹாஜியார் பார்த்தார், தடவினார், பிறகு இரண்டு கைகளாலும் அவற்றைப் பிடித்து ஸலாம் சொன்னார். உள்ளே திரும்பி மகனைக் கூப்பிட்டார். "மெஷின்காரனுக்கு கோல் எடு. இப்ப வேணாம் எண்டு சொல்லு." தொட்டியடியில் நின்ற பொடியன்தான் எல்லாரையும்விடச் சந்தோஷப்பட்டான். "அல்ஹம்துலில்லாஹ் நானா! வாங்க, வாங்க. இனி நாய்கள் எனக்குத் துஆ செய்யும்."

வாப்பா கைகளை முழங்கை வரை கழுவினார். தொட்டிக்கு முன்னால் நின்று, மாவில் கைவைக்க முன் கொஞ்ச நேரம் சும்மா நின்றார். நான் வெளியே வந்துவிட்டேன். அது நான் நின்று பார்க்கவேண்டிய நேரமாக எனக்குத் தோன்றவில்லை.

ஆஸ்பத்திரிக்கு, ஆள் முழுவதுமாக உள்ளே நிற்கக்கூடிய பெரிய லைட் கூண்டு வந்ததும் டொக்டரின் காலத்தில்தான். அதை இயக்கவும் அளவு பார்க்கவும் மிஸ்ஸிமாரைப் பழக்கிவிட்டு, அடுத்து வருகிற டொக்டருக்கு எல்லாம் காட்டிக்கொடுத்துவிட்டுத்தான் அவர் இடமாற்றத்துக்குச் சம்மதித்தார். போகிற இடத்தில் விளக்கு ஒன்றுமில்லை என்று கேள்விப்பட்டோம். திரும்பவும் கிடுகிலிருந்து தொடங்கப் போகிறார் என்று கிளினிக் வரிசையில் பேசிக்கொண்டார்கள்.

அவர் புத்தளத்தை விட்டுப் போன நாள் எனக்கு விடுமுறை. பேக்கரி முன்னால் நின்றேன். கொழும்புப் பக்கம் போகிற வான் ஒன்று, கூரையில் அலுமாரியும் பெட்டிகளும் கட்டியபடி வந்து நின்றது. டொக்டர் இறங்கினார்.

"வாப்பா உள்ளுக்கா?" என்று கேட்டுக்கொண்டே நேராக மா குழைக்கிற அறைக்குள் போனார். ஹாஜியார் கதிரையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினார்.

வாப்பா முழங்கை வரை மாவுக்குள் இருந்தார்.

"நானா, நான் போறன். கையைக் காட்டுங்க, ஒருக்கா பார்த்திட்டுப் போறன்."

வாப்பா நிமிர்ந்தார், சிரித்தார். கைகள் நிற்கவில்லை. "இப்ப எடுக்க ஏலா டொக்டர். மா இன்னும் கையை விடல்ல. இதில விட்டா எல்லாம் கல்லாப் போகும். கொஞ்சம் நிண்டா காட்டுவன்."

"ஹரி. நிக்கிறன்."

அவர் கதிரையில் உட்காரவில்லை. மாச் சாக்குகளில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வாப்பா மாவைத் தூக்கி அடித்தார், மடித்தார், குத்தினார். டொக்டரின் நீலச் சாரியில் மா படிந்தது. வெளியே சாரதி ஹோர்ன் அடித்தார். பிறகு திரும்பவும் அடித்தார். மூன்றாம் தடவை அவரே உள்ளே வந்து, வீதியில் வாகனங்கள் அடைபட்டு நிற்கின்றன, பொலிஸ் ஏசுகிறது என்றார்.

டொக்டர் சாக்கிலிருந்து நிமிர்ந்தார். "எடுக்க வேணாம் நானா, குழையுங்க. நான் பார்த்திட்டன்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். ஹாஜியார் ஒரு பை நிறையப் பாணை அள்ளிக்கொண்டு பின்னால் ஓடினார். வான் புறப்பட்டது.

மா கையை விட்டபோதுதான் வாப்பா நிமிர்ந்து வாசலைப் பார்த்தார்.

"போயிட்டாங்களா மகன்?"

"ஓம் வாப்பா."

"பாண் குடுத்து விட்டீங்களா?"

"ஹாஜியார் குடுத்தார்."

"எந்தப் பாண்? பொடியன் போட்டதா?"

"இல்ல வாப்பா. காலையில நீங்க குழைச்சது."

"ம்" என்றார். அடுத்த மூடை மாவைத் தொட்டிக்குள் கொட்டச் சொன்னார்.